கடலோர ஊரில் ஒரு ஹரிக்கேன்: மாதிரி விமானம் கட்டப் புறப்படுவோருக்கு

சென்ற ஆனி மாதத்தில் தொடங்கிக் கார்த்திகை முடியும் வரை, 1/48 அளவில் ஒரு ஹாக்கர் ஹரிக்கேன் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியைச் சென்னையில் கடற்கரைக்கு மிக அருகிலுள்ள என் வீட்டுப் பால்கனியில் கட்டி, வண்ணம் பூசி முடித்தேன். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 25 செ.மீ. மட்டுமே வரும் இந்தப் பொருளுக்கு பெயிண்டைக் காற்றோடு தூவும் ஏர்பிரஷ், அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் உட்பட ஏறத்தாழ 26,000 ரூபாய் செலவாயிற்று. அதில் எட்டாயிரம் ரூபாய் எந்தப் பயனும் தராமல் போன பணம். பணத்தைவிடவும் என்னைச் சோர்வடையச் செய்தது, பிரச்சினை வந்த ஒவ்வொரு நேரத்திலும் கேட்பதற்கு அருகில் ஆள் இல்லாததுதான். இந்தக் கலையைக் கற்றுத்தரும் வழிகாட்டிகளில் நான் படித்தவை எல்லாமே இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் சொல்லப்படும் பெயிண்ட் அங்கே தெருக்கோடிக் கடையில் கிடைக்கிறது, குழாயில் வரும் தண்ணீர் உப்பில்லாதது, அறையின் காற்று உலர்ந்தது என்றே அவை எடுத்துக்கொள்கின்றன. இந்த மூன்றும் இல்லாத ஊரில் என்ன செய்வது என்பதை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதால், நான் தெரிந்துகொண்டவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஹரிக்கேனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிட்னி காம் வடிவமைத்து, 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலாகப் பறந்த இந்த விமானம், 1940இல் ஜெர்மானிய விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில், இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரைவிட அதிகமான எதிரி விமானங்களை வீழ்த்தியும் புகழில் இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்டது. அந்தப் போர்க்காலத்தில் பேரரசின் பல பகுதிகளிலிருந்தும் விமானங்கள் வாங்க நன்கொடை திரட்டப்பட்டது. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று கணக்கு வைத்து வசூலித்தார்கள். பெருந்தொகை அளித்த பகுதிகளின் பெயர்கள் படையணிகளுக்குச் சூட்டப்பட்டன. அப்படி ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைப் பிரிட்டிஷ் விமானப்படையின் 79ஆம் படையணியும் 264ஆம் படையணியும் தாங்கின. 264ஆம் படையணி டிஃபையன்ட் விமானங்களோடும் பின்னர் மஸ்கிட்டோ விமானங்களோடும் ஐரோப்பாவிலேயே போரிட்டது. 79ஆம் படையணியோ பிரிட்டன் வான்போரில் ஹரிக்கேன்களைப் பறக்கவிட்டு, 1942இல் இந்தியாவுக்கு வந்து, பர்மா முனையில் ஹரிக்கேன் இரண்டாம் வகைகளோடு போரிட்டு, 1944இல் தண்டர்போல்ட் விமானங்களுக்கு மாறியது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய படையணியின் ஒரு ஹரிக்கேனை, பர்மா முனையில் இருந்த கோலத்தில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு முடிவாக இது நல்லதுதான். ஆனால் மாதிரியின் துண்டுகள் அடங்கிய ‘கிட்’ பெட்டியோடு வந்த கையேடு காட்டிய விமானம் இது அல்ல என்பதிலிருந்து செலவு தொடங்கியது.

கையேட்டில் இருந்தவை பச்சையும் சாம்பல் நிறமும் கலந்த பிரிட்டன் விமானங்கள். 1941 ஆகஸ்ட்டில் பிரிட்டனில் இருந்த பகல்நேரப் போர் விமானங்களுக்கு ‘டார்க் எர்த்’ என்ற மண்பழுப்பை நீக்கி, ‘ஓஷன் கிரே’ என்ற கடற்சாம்பலைக் கொண்டுவந்தார்கள். காடும் வயலும் நிறைந்த இந்திய, பர்மியப் பகுதிகளில் பச்சையும் மண்பழுப்பும் தொடர்ந்தன. இன்னொரு மாற்றமும் இங்கே நடந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவில் இருக்கும் சிவப்புப் பொட்டு, ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி, தன் படையினரே சுட்டுவிடும் அபாயம் இருந்ததால், சிவப்பை எடுத்துவிட்டுக் கருநீலத்துக்குள் வெள்ளையோ வெளிர்நீலமோ இட்டார்கள். கையேட்டின் பட்டியலைப் பார்த்து வாங்கிய கடற்சாம்பல் புட்டிகள் 650 ரூபாய்க்கு இன்றும் திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கின்றன. ஆகவே எந்த ஆண்டில், எந்த முனையில், எந்தப் படையணியில் இருந்த விமானம் என்பதை ஒரு புகைப்படத்தின் துணையோடு உறுதி செய்துகொண்ட பிறகே ஒரு புட்டி பெயிண்டையும் வாங்க வேண்டும். நேரில் பார்க்க விரும்புவோருக்கு டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் உண்டு. அதன் வடிவத்தையும் சக்கரக் கால்களின் அமைப்பையும் நம்பலாம். ஆனால் அருங்காட்சியக விமானங்கள் பிற்காலத்தில் மறுபடி மறுபடி வண்ணம் பூசப்படுபவை என்பதால், நிறத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பது என் கருத்து.

பெயிண்ட் வாங்கிய கதைதான் இந்த முழு அனுபவத்திலும் மிகுந்த எரிச்சலைத் தந்தது. மாதிரி விமானங்களுக்கான பெயிண்டுகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்: எளிதில் ஆவியாகும் கரைப்பான் கொண்ட லாக்கர், ஆல்கஹாலிலோ தண்ணீரிலோ கரையும் அக்ரிலிக், மெதுவாகக் காயும் எண்ணெய் சார்ந்த எனாமல். வழிகாட்டிகள் ஒருமுகமாகப் புகழ்வது லாக்கரைத்தான், ஏனெனில் அது மிக மெல்லிய படலமாகப் படிந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் லாக்கர் பெயிண்டுகளும் அவற்றை நீர்க்க வைக்கும் தின்னரும் சேர்த்து 4,800 ரூபாய்க்குக் கேட்டு, பணமும் கட்டினேன். தீப்பற்றும் திரவங்களைப் பன்னாட்டு அஞ்சலில் அனுப்பக்கூடாது என்ற விதி இருக்கிறது. அந்த விற்பனையாளர் அதைப் பொருட்படுத்தாமல் அனுப்பியிருக்கிறார். பொட்டலம் வழியிலேயே நிறுத்தப்பட்டது. வாரக்கணக்கில் ‘பரிசோதனையில் உள்ளது’ என்ற ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்து, பிறகு அழிக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. விற்பனையாளர், அனுப்பியதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று கைகழுவிவிட்டார். அந்த வாரம் முழுவதும் எனக்கு விமானத்தின் கிட் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை.

இதிலிருந்து பெறவேண்டிய பாடம் மிகவும் எளியது, ஆனால் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. கிட் வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்கும் பெயிண்ட் எது, அதற்கு உரிய தின்னர் எது, இரண்டும் தீர்ந்தால் மறுநாள் எங்கே வாங்குவீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். இந்தியாவில் மாதிரிப் பொருள்களை இறக்குமதி செய்து விற்கும் கடைகள் சில பெருநகரங்களில் உள்ளன. அவை சட்டப்படி கப்பல் வழியாக வரவழைத்து வைத்திருக்கும் பெயிண்டைத் தரைவழியில் அனுப்புகின்றன. விலை சற்று அதிகம் என்றாலும், பொருள் கைக்கு வந்து சேரும். நான் இறுதியில் அவற்றில் ஒன்றிலிருந்து ஜப்பானிய நிறுவனமான டாமியாவின் அக்ரிலிக் புட்டிகளை வாங்கினேன். கரும்பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, மண்பழுப்புக்கு எக்ஸ்எஃப்-52, அடிப்பகுதியின் இளஞ்சாம்பலுக்கு எக்ஸ்எஃப்-83. இவற்றின் பெரும் நன்மை, நிறுவனத்தின் சொந்தத் தின்னர் தீர்ந்துபோனாலும், எலக்ட்ரானிக் பலகைகளைத் துடைக்கச் சென்னையின் எலக்ட்ரானிக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொண்டு நீர்க்க வைக்க முடியும் என்பதே. அது லிட்டர் கணக்கில், நியாயமான விலையில் கிடைக்கிறது.

கட்டும் வேலையைப் பொறுத்தவரை, ஹரிக்கேனுக்கே உரிய சில சிக்கல்களை மட்டும் சொல்கிறேன். இந்த விமானத்தின் பின் உடல், உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் மர விலாக்களை வைத்து, அதன்மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி மெழுகிய அமைப்பு. மாதிரியில் அது நீளவாக்கில் ஓடும் மெல்லிய மேடுகளாகத் தெரியும். உடலின் இடது, வலது பாதிகளை ஒட்டும்போது முதுகிலும் வயிற்றிலும் இணைப்புக் கோடு இந்த மேடுகளுக்கு நடுவே விழுகிறது. மற்ற விமானங்களுக்குச் செய்வதுபோல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், கோட்டோடு சேர்ந்து மேடுகளும் மழுங்கி, துணி உடல் தகர உடலாகிவிடும். கோட்டின் இருபுறமும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் (மறைப்பு நாடா) ஒட்டி மேடுகளைக் காத்துவிட்டு, கத்தி முனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுவதே பாதுகாப்பான வழி. இடைவெளி இருந்தால், கார்களுக்குப் பட்டி பார்க்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியை ஒரு துளி எடுத்து, இரவு முழுக்கக் காயவிட்டு, 1000ஆம் எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். பட்டியைத் தடிமனாக அப்பினால் அதிலுள்ள கரைப்பான் அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிப் பள்ளம் விழச்செய்யும்.

விமானி அறையில் முழுத் தரை கிடையாது. விமானியின் குதிகால்கள் பதிய இரண்டு நீள்பட்டைகள் மட்டுமே இருக்கும், அவற்றுக்குக் கீழே குழாய்ச் சட்டமும் உடலின் அடிப்பகுதியும் தெரியும். ஆகவே இறக்கையின் நடுத்துண்டை ஒட்டுவதற்கு முன்பே அதன் உட்புறத்தையும் வண்ணம் பூசியாக வேண்டும். ஒட்டிய பிறகு அங்கே தூரிகை நுழையாது. அதேபோல, வெப்ப நாடுகளுக்கு அனுப்பப்பட்ட ஹரிக்கேன்கள் பலவற்றில் மூக்கின் அடியில் தாடி வைத்தாற்போல வோக்ஸ் தூசு வடிகட்டி ஒன்று தொங்கும். நீங்கள் செய்யும் விமானத்தில் அது இருந்ததா என்பதைப் புகைப்படத்தில் பார்த்து, மூக்குத் துண்டை ஒட்டுமுன் தீர்மானியுங்கள். கண்ணாடி மூடியை ஒட்ட உடனடிப் பசை எதையும் பயன்படுத்த வேண்டாம். அதன் ஆவி மூடிய சிறு இடத்துக்குள் தங்கி, கண்ணாடியின் உட்புறத்தில் வெண்பனி போலப் படிந்துவிடும், பிறகு அந்த இடத்துக்குத் துணியைச் செலுத்தித் துடைக்க வழியே இல்லை. எனக்கு இந்த எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்திருந்தது, அதனால் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு வைத்து ஒட்டினேன். காய்ந்ததும் நிறமற்றுப் போய்விடுகிறது. வழிந்ததை ஈரத்துணியால் எடுத்துவிடலாம்.

வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக இடும் பிரைமரைப் பூசும்போதுதான் அடுத்த இழப்பு வந்தது. பெயிண்ட் பொட்டலம் அழிந்துபோனதால், வழிகாட்டிகள் சொன்ன லாக்கர் பிரைமருக்குப் பதிலாகக் கார்களுக்கு அடிக்கும் சாம்பல்நிற என்.சி. பிரைமரையும், ஹார்டுவேர் கடையில் சில்லறையாக விற்ற தின்னரையும் பயன்படுத்தினேன். இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பரப்பு சுருங்கி, நுண்ணிய வெடிப்புகள் விழுந்தன. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். கார் தகரத்துக்கு ஒன்றும் செய்யாத டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். அந்தப் பகுதியை 400ஆம் எண்ணிலிருந்து 2000ஆம் எண் வரை படிப்படியாகத் தேய்த்து, விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும், அழிந்துபோன தகட்டுக் கோடுகளை ஊசியால் மறுபடி கீறி எடுக்க ஆடி மாதம் முழுவதும் போயிற்று. உங்களிடம் இருக்கும் எந்தத் தின்னரையும், உதிரி பாகங்கள் கழன்ற பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் பூசி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அந்தச் சட்டமும் விமானமும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் அதைவிட நம்பகமான சோதனை கிடையாது. என்.சி. பிரைமரே வேண்டுமென்றால், பாய்ந்து ஓடும் ஈரப்பூச்சாக அடிக்காமல், தூரத்திலிருந்து உலர்ந்த தூவலாகப் பல முறை அடித்தால் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

இங்கே உடல்நலம் பற்றி ஒரு வார்த்தை. துணி முகக்கவசமும் மருத்துவமனையில் தரும் முகக்கவசமும் தூசியைத்தான் தடுக்கும், தின்னரின் ஆவியைத் தடுக்காது. கரைப்பான் ஆவியை ஈர்க்கும் கரி நிரப்பிய குப்பி பொருத்திய முகமூடி தொழிற்பாதுகாப்புக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அதை மற்றச் செலவுகளுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஆவி வெளியேற்றப் பயன்படுத்துவதும் கூடாது, ஏனெனில் அதன் மோட்டாரில் பொறி எழுந்தால் அதுவே போதும் தீப்பிடிக்க. பால்கனியில் அடித்தாலும் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. துணி காயப்போட்டிருந்த மேல்வீட்டு அம்மாவிடம் நான் வாங்கிய பேச்சை இங்கே எழுத விரும்பவில்லை.

உருமறைப்பு வண்ணங்களைப் பூசும் வேலை, பருவத்தோடு நடத்திய பேரம் என்றே சொல்வேன். ஆவணியின் மதிய வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொண்டது. 0.3 மி.மீ. துவாரத்தை அடைக்க ஒரு துளி காய்ந்த பெயிண்ட் போதும். பால் பதத்தைவிடச் சற்று நீர்த்துக் கலக்கி, காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில துளிகள் சேர்த்து, அழுத்தத்தை 15 முதல் 18 பி.எஸ்.ஐ.க்குள் வைத்துக்கொண்டு, அடிக்கடி ஊசி முனையை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சமாளிக்கலாம். ஐப்பசி வந்ததும் நிலைமை தலைகீழானது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் கம்ப்ரசர் அந்த ஈரத்தையும் சேர்த்தே அழுத்தி அனுப்புகிறது. அது குழாயில் குளிர்ந்து தண்ணீராகி, பெயிண்டோடு சேர்ந்து இறக்கையின் மேல் துப்பும். மலிவான கம்ப்ரசரோடு வரும், ஈரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஈரப்பொறி பெயருக்குத்தான் இருக்கிறது. குழாயின் நடுவில், ஏர்பிரஷுக்கு அருகே இன்னொன்றைப் பொருத்திய பிறகுதான் இந்தத் தொல்லை நின்றது. இரண்டு நிறங்களுக்கு நடுவிலான விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல் சற்றே மென்மையாக இருக்க, சுவரில் படம் ஒட்டப் பயன்படும் பசைக்களியை விரல் தடிமனில் உருட்டி, வரைபடத்தின்படி வளைத்து வைத்து அதன் மேல் அடித்தேன். ஹார்டுவேர் கடையின் மாஸ்கிங் டேப், கதவு நிலைகளுக்கானது. அதன் பசை, அடியிலுள்ள பெயிண்டையும் உரித்துக்கொண்டு வரும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், முதலில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி எடுத்து, பசையின் வீரியத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சின்னங்கள். கருநீல, வெளிர்நீல வட்டங்கள் கொண்ட டெக்கல் தாள் (சின்னங்களைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து ஒட்டும் தாள்) ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்க வரியோடு 1,900 ரூபாய் ஆயிற்று. வந்த தாள் பல ஆண்டுகள் ஈரமான கிடங்கில் கிடந்தது போலும், எழுத்துகளைச் சுற்றிய ஒளிபுகு படலம் மஞ்சளாகிப் போயிருந்தது. மஞ்சளான டெக்கலை ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டிவைத்தால் சில நாட்களில் வெளுக்கும் என்பது உண்மைதான், என்னுடையதும் வெளுத்தது. ஆனால் தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகச் சிதறியது. பழைய தாள் கையில் கிடைத்தால் முதலில் தேவையற்ற ஒரு சிறு எழுத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சிதறினால் முழுத் தாளின் மேலும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்ததும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். அப்படிச் செய்து விமான எண்களைக் காப்பாற்றிவிட்டேன். வட்டங்கள் தேறவில்லை.

தேறாததும் நல்லதாகவே முடிந்தது. மாடல் கடைகளில் கிடைக்கும், வட்டமாக வெட்டும் சிறு காம்பஸ் கத்தியைக் கொண்டு மாஸ்கிங் டேப்பில் வட்டங்களை வெட்டி, சின்னங்களை நேரடியாகப் பெயிண்டாலேயே அடித்தேன். முதலில் முழு வட்டத்துக்கும் வெளிர்நீலம், அது காய்ந்ததும் நடுவில் சிறு வட்ட டேப்பை ஒட்டிவிட்டுச் சுற்றிலும் கருநீலம். அளவைப் புகைப்படத்தில் இறக்கையின் அகலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டேன். வெளிர்நீலத்தை அதே கருநீலத்தில் வெள்ளை கலந்து உண்டாக்கியதால் இரண்டும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்கின்றன. போர்முனையில் சின்னங்களைப் பெயிண்டாலேயே மாற்றியிருக்கிறார்கள் என்பதால், படலத்தின் விளிம்பு எதுவும் தெரியாத இந்த வட்டங்கள் டெக்கலைவிட மெய்யாகத் தோன்றுகின்றன. வடிவம் எளிதாக உள்ள சின்னங்களுக்கு டெக்கல் வாங்குவதை நான் இனி நிறுத்திவிட்டேன்.

மிச்சமிருந்த எண்களை ஒட்டுவதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மங்கலான பெயிண்டின் பரப்பு நுண்ணிய சொரசொரப்பு உடையது. அதன்மேல் நேரடியாக டெக்கலை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும், ஆகையால் முதலில் டாமியாவின் எக்ஸ்-22 போன்ற பளபளப்பு வார்னிஷை அடித்துப் பரப்பை வழவழப்பாக்குவது கட்டாயம். இரண்டாவது, எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பக்கெட்டின் ஓரத்தில் உப்புப் படியவைக்கும் அந்தத் தண்ணீரில் டெக்கலை ஊறவைத்தால், காய்ந்தபின் அதைச் சுற்றி வெள்ளை வளையம் தங்கிவிடுகிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் பல விமானங்களுக்குப் போதும்.

கடைசிப் பூச்சான மங்கல் வார்னிஷை அடித்த நாளில் இந்த வேலையையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. பளபளப்பை நீக்கி, வண்ணங்களையும் டெக்கல்களையும் ஒரே தன்மைக்குக் கொண்டுவரும் பூச்சு அது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த ஒரு முற்பகலில், ஸ்பிரே டப்பாவில் வந்த லாக்கர் வார்னிஷை அடித்தேன். அடித்தபோது அழகாகத்தான் இருந்தது. சற்று நேரத்தில் வலது இறக்கையில் தொடங்கி முதுகுவரை பால் கலந்தாற்போல் வெளுத்துவிட்டது. இத்தனை மாத வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். அன்று மாலை, தெருமுனையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மழை வாசனை வந்துட்டா நாங்க ஸ்பிரே கன்னையே தொட மாட்டோம் சார். ஈரத்தை இழுத்துக்கும். வெறும் ரிடார்டரைத் தூரத்துல பிடிச்சு லேசா ஊதுங்க, உள்ள போன தண்ணி வெளிய வந்துடும்” என்றார்.

அவர் சொன்னதன் பின்னணி இதுதான். வேகமாக ஆவியாகும் கரைப்பான், பரப்பின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த பரப்பின் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படிந்து, காயும் படலத்துக்குள் அடைபட்டு வெளுப்பாகத் தெரிகிறது. மெதுவாக ஆவியாகும் கரைப்பானை மறுபடி தூவினால் படலம் இளகி, அடைபட்ட ஈரம் வெளியேறும். காருக்கான ரிடார்டர் பிளாஸ்டிக்கையும் அக்ரிலிக்கையும் என்ன செய்யுமோ என்ற அச்சத்தால், மாடல் கடையில் கிடைக்கும் மெதுவாகக் காயும் லாக்கர் தின்னரை வரவழைத்து, முதலில் வாலின் அடியில் சோதித்துப் பார்த்து, உலர்ந்த நாளொன்றில் மெல்லிய தூவலாக அடித்தேன். முதுகும் வலது இறக்கையின் பெரும்பகுதியும் கண்ணெதிரிலேயே தெளிந்தன. அந்த இறக்கையின் நுனியில் மட்டும் வெளுப்பு ஆழமாக இருந்தது, அங்கே பச்சையையும் வட்டச் சின்னத்தையும் மறுபடி பூச வேண்டியதாயிற்று. 300 ரூபாய்க்கு வாங்கிய ஈரமானி ஒன்றை பால்கனியில் மாட்டிவைத்து, 65 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் லாக்கரைத் தொடுவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் லாக்கர் வேலைகளை மாசி முதல் வைகாசி வரையிலான மதிய நேரங்களுக்கும், வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது ஆகியவற்றை மழைக்காலத்துக்கும் ஒதுக்கிவிட்டால் பாதி அவதி குறையும். தண்ணீர் சார்ந்த மங்கல் வார்னிஷ் இந்தத் தொல்லையைத் தருவதில்லை. காய ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். பூசி முடித்ததை, மூடியுள்ள அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் தூசியும் ஒட்டாது. ஆனால் தின்னர் வாசனை முழுவதும் போன பிறகே மூட வேண்டும்.

தகட்டுக் கோடுகளில் அழுக்குக் கறை ஏற்ற எனாமல் பெயிண்டைக் கனிம டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஓடவிடும் முறை பரவலானது. அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சக்கரக் கால்கள் இறக்கையில் செருகும் குழிகளில் அது தேங்கினால், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை உடையச் செய்யும். என் ஹரிக்கேனின் இடது கால் அப்படித்தான் ஒடிந்தது. குண்டூசியின் தலையைக் கிள்ளிவிட்டு, இருபுறமும் துளையிட்டுச் செருகி நிறுத்தியிருக்கிறேன். ஆண்டெனாக் கம்பிக்கு, மீந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, தீயில் படாமல் இளக்கி இழுத்தால் தலைமுடி பருமனில் இழை கிடைக்கும். தின்னர் புட்டிகள் எல்லாம் வேறு அறையில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும்.

உப்புக்காற்றும் தூசியும் படாமல் இருக்க மூடி ஒன்று தேவைப்பட்டது. மாடல் கடைகளில் இந்த அளவுக்கு 2,500 ரூபாய் கேட்டார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவரிடம் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரத்துக்குச் செய்யச் சொன்னேன். 850 ரூபாயில் முடிந்தது. ஒட்டிய அன்றே விமானத்தை உள்ளே வைக்காமல், பசையின் வாடை அடங்கும் வரை ஒரு வாரம் பால்கனியில் திறந்து வைத்திருங்கள்.